ஒரு வண்டிக்கு எட்டு கார்

காலி மாட்டு வண்டிக்கு நெடுஞ்சாலையில் என்ன வேலை?

சிவலீலாவுக்கு அந்தச் சந்தேகம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. முதோள் போகும் சாலையோரம் பந்தல் போட்டு, போகிற வருகிற வண்டிகளை ஒரு வாரம் எண்ண வேண்டும். அதை வைத்து, இருபது வருஷம் கழித்து இந்தச் சாலையில் எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சாலையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்பது அவள் சொல்லும் எண்ணில்தான் இருக்கிறது.

பொறியாளராக அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை இது. இன்று கணக்கில் தப்பாக விழும் ஒன்று, இருபது வருஷத்தில் குட்டி போட்டுப் பெருகி நிற்கும். அன்றைக்கு அவள் பேரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

வந்த மாட்டு வண்டிகளில் கரும்பும் இல்லை, சோளத்தட்டையும் இல்லை. சும்மா ஆடி அசைந்து வந்தன. ஒற்றைக் கொம்புக் காளை ஒன்று காலையில் பல தடவை போய்விட்டு வந்தது, சாயங்காலம் மறுபடி ஆரம்பித்துவிட்டது. ஓட்டியவர் சங்கனகவுடர். கடக்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு வணக்கம் வேறு.

“மேடம், ஒத்தைக் கொம்பு மறுபடியும் வருது,” என்றார் எண்ணிக்கை எடுக்கும் மெஹபூப்.

சிவலீலாவுக்குப் பொறி தட்டியது. ஞாயிற்றுக்கிழமை, வந்த முதல் நாள், பஜ்ஜிக் கடையில் கவுடர்தான் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கெல்லாம் எப்படி என்று விசாரித்தார். மிளகாய் பஜ்ஜி ருசியில் அவளும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கார் போனால் ஒன்று. மாட்டு வண்டி போனால் எட்டு கார் போனதற்குச் சமம். அது மெதுவாகப் போய், பின்னால் வருகிறதையெல்லாம் இழுத்துப் பிடிக்கிறது அல்லவா, அதனால்.

கடையே சிரித்தது. கவுடர் மட்டும் வெளியே கட்டியிருந்த தன் காளையைப் பெருமையாகப் பார்த்தார்.

அந்த ஞாயிறு ஒரு காலி வண்டிகூட வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்துதான் இந்த ஊர்வலம். சாலையின் இரண்டு பக்கமும் கவுடர் நிலம். கணக்கு எகிறினால் சாலை அகலமாகும், நஷ்டஈடு கொட்டும். அதுவும் வண்டிகள் வருவது காலையிலும் சாயங்காலமும் மட்டும். உச்ச நேர நெரிசலை வைத்துத்தான் சாலையின் அகலத்தைத் தீர்மானிப்பார்கள் என்பது வரைக்கும் மனிதர் தெரிந்து வைத்திருக்கிறார்.

எழுந்து போய் வண்டியை மறித்தாள்.

“காலி வண்டியை எதுக்குக் கவுடரே இப்படிச் சுத்த விடுறீங்க?”

“காளைக்குக் கால் மரத்துப் போகுது மேடம். கொஞ்சம் நடக்க விடுறேன்.”

“காலையிலயும் சாயங்காலமும் மட்டும்தான் மரத்துப் போகுமோ?”

கவுடர் குனிந்து காளையின் கழுத்துக் கயிற்றைச் சரிசெய்தார்.

“நாளைக்கு ஒரு காலி வண்டி ரோட்டுல ஏறினாலும் போலீஸ்ல சொல்லிடுவேன்.”

போலீஸ் என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மென்று விழுங்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். அதுவரை எண்ணிய காலி வண்டிகள் அத்தனையையும் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னாள் சிவலீலா.

மறுநாள் காலை ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. கரும்பு டிராக்டர்கள் ரெட்டை டிரெய்லரோடு, பாட்டை அலறவிட்டுக்கொண்டு பறந்தன. கணக்கு சுத்தமாகிவிட்டது என்ற சந்தோஷத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு பஜ்ஜிக் கடைக்குக் கிளம்பினாள்.

வளைவைத் தாண்டியதும் சாலையோரம் சீருடையில் ஒரு கும்பல். பள்ளிக்கூடம் எதிர்ப்பக்கம். அங்கே பாடம் நடத்தும் கஸ்தூரி டீச்சர் இரண்டு கையையும் விரித்துப் பிள்ளைகளைத் தடுத்துக்கொண்டு நின்றார். மணியடித்து நேரமாகிவிட்டதாம். சிவலீலா இறங்கி, ஏன் இன்னும் நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

“பள்ளிக்கூடம் இருக்கிற நாளெல்லாம் வண்டி வரும் மேடம். இன்னிக்கு என்னவோ காணோம்.”

“எந்த வண்டி?”

“நம்ம கவுடர் ஆளுங்க ஓட்டுற மாட்டு வண்டிதான். போன வருஷம் இங்க ஒரு பொண்ணுக்கு டிராக்டர் மோதிக் கால் உடைஞ்சுது. வேகத்தடை கேட்டோம், இந்த மாதிரி ரோட்டுல போட மாட்டாங்களாம். அன்னிலேருந்து பள்ளிக்கூடம் தொடங்குறப்பவும் விடுறப்பவும் இவங்க எதிரும் புதிருமா காலி வண்டியை ஓட்டிட்டு வருவாங்க. பின்னால வர்றவன் பறக்க முடியாதில்ல? பிள்ளைங்க கடந்துடும்.”

சிவலீலாவுக்குச் சுருக்கென்றது. “என்கிட்ட ஏன் அவர் சொல்லல?”

“வேணும்னே ரோட்டை மறிச்சா கேஸ் ஆகுமே. நீங்க ரோட்டு ஆபீசராச்சே.”

வெட்கத்தில் அவளுக்கு முகம் சூடாகிவிட்டது. சாயங்காலம் வழக்கம்போல வண்டியை ஓட்டிவரச் சொல்லிக் கவுடருக்கு ஃபோன் போடுங்கள், போலீஸ் வராது என்று டீச்சரிடம் சொன்னாள். ஜீப்பில் ஏறினாள். நடுச்சாலையில் விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் உருட்டினாள். எதிரே வந்தவன் பிரேக் போட்டான். பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்தித் திட்டினான். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு கடந்தார்கள். ஒரு வாண்டு திரும்பி அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தது.

கடைசிப் பிள்ளையும் கடக்கும்வரை அப்படியே முன்னும் பின்னும் போய்விட்டு, அதே வேகத்தில் திரும்பி வந்து பந்தலைத் தாண்டினாள். மெஹபூப் ஓடி வந்தார். “என்ன மேடம், பஞ்சரா?”

“இல்ல. நேத்து அடிச்ச மாட்டு வண்டியெல்லாம் திரும்பச் சேர்த்துடுங்க. இந்த ரோட்டுல தினம் போறதுதான் அதெல்லாம்.”

“சேர்த்துடுறேன் மேடம். நம்ம ஜீப்பை என்ன பண்ண? கார் கணக்குல ஒண்ணுன்னு போட்டுடவா?”

சிவலீலா திரும்பிப் பார்த்தாள். பின்னால் வளைவு வரைக்கும் டிராக்டரும் லாரியுமாக அடங்கி ஒடுங்கி வந்துகொண்டிருந்தன.

“எட்டுன்னு போடுங்க.”