பாதிக்கு மேலே கோபால்

ஏரிக்கரையைத் தாண்டி ஆட்டக்காரர்கள் இறங்கி வந்தபோது, சிட்டம்மாள் தண்ணீர்க் குடத்தோடு கரையடியில் காத்திருந்தாள்.

தோற்றுவிட்டார்கள். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்து ஆடிய மானாம்பதிக்காரர்கள் போட்ட கூச்சல் இன்னும் அடங்கவில்லை.

குடத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அவள் ஆளுக்கொரு வார்த்தை சொல்லுவாள். கோடையில் ஏரி வற்றினால் உள்ளே கால்பந்து ஆட்டம். ஆட்டம் முடிந்தால் சிட்டம்மாளின் தீர்ப்பு. அதைக் கேட்காமல் ஒருவன் தொண்டையும் நனைந்ததில்லை.

கோல் காக்கிற கோலி ஏசுதாஸ் மேல் இன்று குறையில்லை. அவன் பிடித்த பந்தெல்லாம் தொப்பென்று நெஞ்சில் விழுந்தது. ஒன்றுதான் தப்பியது, பாவம்.

கோலுக்கு முன்னால் பேக் ஆடிய இருவரும் பந்தை உதைத்ததைவிட ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதுதான் அதிகம். பட்டணத்திலிருந்து லீவில் வந்து முதல் தடவையாக ஆடிய ஞானதாஸ், நடுவில் நின்று "எனக்கு, எனக்கு" என்று பந்து கேட்டதோடு சரி.

கோபாலை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

அவளுடைய கூடப்பிறந்த தம்பி. லெப்ட் அவுட். உள்ளூர் அணி எப்போதும் மதகுப் பக்கமிருந்துதான் ஆட்டத்தைத் தொடங்கும், அதில் அவர்களுக்கு ஒரு ராசி. தொடங்கியதும் இடது ஓரத்தில் கோபால் கிளம்பினால் காய்ந்த ஏரி மண் அதிரும். அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். ஆனால் பாதி ஆட்டத்துக்கு விசில் ஊதிவிட்டால் அப்புறம் ஆளே இல்லை. இன்று மட்டுமில்லை, ஆட ஆரம்பித்த வருஷத்திலிருந்தே அவன் இப்படித்தான்.

வேதகிரி இருந்தபோது இப்படியா இருந்தது?

ரைட் அவுட் வேதகிரி. முதல் பாதியில் அவன் இருக்கிற இடமே தெரியாது. பாதிக்கு மேலேதான் அவன் ஆட்டம். வலது ஓரத்தில் அவன் கிளம்பினால் கரைமேல் நிற்கிற ஜனம் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டே கூட ஓடும். அவன் கால் பந்தைத் தொடுகிற ஓசையே தனி. அந்த நேரத்தில் சிட்டம்மாளுக்குக் கையில் வேலை ஓடாது.

பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்ததும் அவன் வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவள் அழுதாள். இப்போது அந்த ஓரத்தில் ஆடுகிறவனும் பாதிக்கு மேலே பரவாயில்லைதான். ஆனால் வேதகிரியின் கால்தூசி பெறமாட்டான். அந்தக் கோடையெல்லாம் இனி வராது. அந்தக் கோபத்தோடுதான் தம்பி பக்கம் திரும்பினாள்.

"பாதிக்கு மேல உன் காலுக்கு இன்னாடா நோவு? ஏசுதாசு, வர்ற ஞாயித்துக்கெழம காவாந்தண்டலத்துல இவன வெளிய ஒக்கார வையி."

ஏசுதாஸ்தான் கேப்டன். ஆனாலும் சிட்டம்மாள் சொல்லிவிட்டால் அவனால் தட்ட முடியாது. கோபாலின் முகம் தொங்கிவிட்டது. காவாந்தண்டலத்து ஆட்டத்துக்காக அவன் சித்திரை முழுக்கக் காத்திருந்தவன்.

"சரிக்கா" என்றான்.

ஞானதாஸுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா நீங்க. பாதிக்கு மேல பக்கம் மாறிட்டோமே. கோபாலு அந்தாண்ட ஓரத்துல ஓடி ஓடி நாக்கு தள்ளிக்கினு கீறான். எங்க நின்னு பாத்தீங்க?"

ஏசுதாஸ் தலைகுனிந்துகொண்டான்.

சிட்டம்மாளின் இடுப்பில், முதுகுப் பக்கம், அரிவாள் செருகியிருந்தது. அவளுக்குப் பின்னால் அவர்கள் கூலிக்கு நெல் அறுக்கிற வரதனின் கழனி அறுத்த தாளாகக் கிடந்தது.

ஆட்டத்தன்று ஆண்கள் விட்டுப்போகிற வரிசையைப் பெண்கள் அறுத்து முடிக்க வேண்டும். அப்படிப் பேசித்தான் வரதன் ஆளை விடுவார். சிட்டம்மாள் அரிவாளைக் கீழே போட்டால் ஆட்டமே கிடையாது. கோபாலின் வரிசை எப்போதும் அவளுடையது. கரைக்கு இந்தப் பக்கம் குனிந்தால் விளையாட்டு முடிந்த பிறகுதான் நிமிர்வாள். அந்தப் பக்கம் நடந்த ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. கரையோரமாகக் கேட்கிற சத்தம்தான் அவளுக்கு ஆட்டம்.

பக்கம் மாறுவார்கள் என்று இதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கோபாலும் சொல்லவில்லை. வருஷா வருஷம் நின்று திட்டு வாங்கிக்கொண்டான்.

அவள் குடத்தை அவனிடம் நீட்டினாள்.

"நீ குடிடா மொதல்ல. ஏசுதாசு, நான் சொன்னத உட்டுடு."

கோபால் குடத்தை வாங்கிக்கொண்டான். அவள் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது ஓரம் அந்தாண்டை போனால் வலது ஓரம் இந்தாண்டை வரும். அது புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"அப்போ வேதகிரி?" என்றாள்.

ஞானதாஸ் வாயைத் திறந்தான். ஏசுதாஸ் அவன் காலை மிதித்தான்.

கோபால் குடத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அது வேறக்கா. வேதகிரி அண்ணன் மெய்யாலுமே பாதிக்கு மேலதான் ஆடும்."