ஷோகிச்சியின் வலக்கை

ஜப்பானின் கடலோர ஊரான மியாகோவில் மீன் ஏலம் விடும் ஷோகிச்சியின் வலக்கை, சுனாமிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மூடி இறுகிப்போயிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்ததால் சி.டி. ஸ்கேன் எடுக்க அனுப்பியிருந்தார்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து ஸ்கேன் எடுத்த மிட்சுயோ, திரையைப் பார்த்ததும் மைக்கில் சிடுசிடுத்தாள்.

"தாத்தா, பிள்ளைய யாரு உள்ள விட்டது? கைய எடுக்கச் சொல்லுங்க!"

"நான் மட்டுந்தானேம்மா இருக்கேன்."

எழுந்து பார்த்தாள். அவர் மட்டும்தான் இருந்தார். மறுபடி எடுத்தாள். அவருடைய மூடிய கைக்குள் இன்னொரு கை இருந்தது. விரலெலும்புகளின் முனைகள் இன்னும் ஒட்டாத, ஐந்தாறு வயதுப் பிள்ளையின் கை.

உள்ளே போய், "உங்க வீட்ல சின்னப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டாள்.

"பேத்தி இருந்தா. அலையில என் கையிலேர்ந்து நழுவிட்டா. எரிச்ச பிறகு குச்சியால எலும்பு பொறுக்குவோமே, அதுக்குக்கூட அவ கிடைக்கல. வெறும் கலசத்தத்தான் புதைச்சோம்."

மிட்சுயோவின் முகத்தையே பார்த்தார்.

"என் கையப் பிடிச்சிருக்காளா?"

"இறுக்கிப் பிடிச்சிருக்கா, தாத்தா."

திரும்பி வந்து திரையை அணைக்கப் போனாள். அந்தச் சின்ன விரல்களில் ஒன்றுகூட அவர் கையைப் பற்றி மடங்கியிருக்கவில்லை.