காத்தை ஏற்றிய பஸ்

பஸ்ஸில் ஈ காக்கா கூட இல்லை. கவுன்சிலரம்மா ஒருவர்தான் பயணி.

மாலையில் நகரசபையில் ஓட்டெடுப்பு. இந்த பஸ்ஸை நிறுத்துவதா, இல்லை, தர்ம ஆஸ்பத்திரியின் வரிவிலக்கை ரத்து செய்து அந்தப் பணத்தில் ஓட்டுவதா? யார் பேச்சையும் நம்பாமல் அதே பஸ்ஸில் கூட்டத்துக்குக் கிளம்பியிருந்தார்.

"நல்லவேளை, நேர்ல வந்து பார்த்தேன். காத்தை ஏத்திக்கிட்டுப் போறதுக்கு ஒரு பஸ்ஸா?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தார். "அம்மா, இன்னைக்கு என்னன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா. எனக்கும் கண்ணு இருக்கு."

ஆஸ்பத்திரி நிறுத்தத்திலும் ஒருவரும் ஏறவில்லை. பஸ்ஸை நிறுத்திவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

நகரசபை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. வாசல் காவலாளியைக் கேட்டார். "யாருப்பா இவங்கல்லாம்?"

"நீங்க வந்த பஸ்ல தினமும் வர்றவங்கதாம்மா. அதை நிறுத்தாதீங்கன்னு கேக்க, முந்தின பஸ்லயே வந்துட்டாங்க."

கூட்டத்தின் நடுவிலிருந்து தர்ம ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் எழுந்தார். "வரியை நாங்க கட்டிடறோம். பஸ் இல்லேன்னா நோயாளிங்க எப்படி வருவாங்க? சுவத்துக்கா வைத்தியம் பார்க்கிறது?"

பஸ் ஓடட்டும் என்று முதலில் உயர்ந்தது கவுன்சிலரம்மாவின் கைதான்.

வீடு திரும்பும்போதும் அதே பஸ். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவரின் முதுகுக்குப் பின்னால் கண்டக்டரின் குரல் கேட்டது.

"உள்ள தள்ளிப் போங்கம்மா, காத்துக்கும் கொஞ்சம் இடம் வேணும்!"