கேஸ் இல்லாத குழாய்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் ஒரு பௌல்ஸ் கிளப்புக்குத் தலைவர் ரெஜினால்டு. கமிட்டியில் பெண்களைச் சேர்க்காமலிருக்க அவர் தன் வீட்டுப் படிப்பறையில் தீட்டும் திட்டமெல்லாம் உடனுக்குடன் கிளப் பெண்களுக்குத் தெரிந்துவிடுகிறது. உளவாளி என்று சந்தேகித்து நண்பர்களை ஒவ்வொருவராக விலக்கியாயிற்று. மிச்சம் செயலாளர் நார்மன் மட்டும்தான். பெண்களைச் சேர்ப்பதா என்று நாளை ஓட்டெடுப்பு.

இன்று படிப்பறையில் நார்மனோடு, கேஸ் குழாய் வேலை பார்க்கும் டெக்லனும் இருந்தார். சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ் விளக்கு, தலைவரின் வெற்றிக் கோப்பை அலமாரிக்கு இடைஞ்சல்; அதைக் கழற்ற வந்திருந்தார்.

"அழகா இருக்கு, விட்டுடுங்களேன்," என்று மனைவி டோரீன் கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ மாடிக்குப் போ. உன் ஸ்வெட்டர் பின்னற கோஷ்டி காத்திட்டிருக்கும்."

அவள் போய்விட்டாள்.

டெக்லன் கருவியை வைத்துப் பார்த்தார். "மீட்டர் பக்கம் எப்பவோ துண்டிச்சுட்டாங்க சார். உள்ள கேஸ் இல்ல. ஆனா விளக்கைக் கழட்டிட்டு குழாயைத் தொறந்து விடக் கூடாது. பின்னால யாராவது தெரியாம இணைச்சா வீடே போயிடும். ரெண்டு முனையையும் மூடணும். இன்னொரு முனை எங்க?"

"எனக்கென்னய்யா தெரியும்? தேடிப் பிடிச்சு மூடு!" தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நார்மன், நம்ம ரெண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. நாளைக்கு நாம..."

டெக்லன் விளக்கைக் கழற்றினார். குழாய்க்குள்ளிருந்து டோரீனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உஷ்! பிஸ்கட்டை அப்புறம் கடிங்கடி. அவர் ஆரம்பிச்சுட்டாரு!"