தின்னாத பிஸ்கட்

"எடுத்துக்கோங்க தம்பி. கிரீம் பிஸ்கட். கூச்சப்படாதீங்க."

மூன்றாவது தடவையாகப் பாக்கெட்டை நீட்டினார் ரயிலில் எதிர் சீட்காரர். மூக்குக்குக் கீழே முழுக்க நீலக் கைக்குட்டை. பேச்சு பாதி அதற்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

"வேணாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்றான் பல் லேப் டெக்னீஷியன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

அவன் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே முழு பல் செட், மேலும் கீழும். மூன்று வாரம் லேபில் குனிந்து உட்கார்ந்து, ஒவ்வொரு பல்லாக மெழுகில் நட்டுச் செய்தது. பத்து மணிக்குள் பல் டாக்டரிடம் சேர வேண்டும். நோயாளியின் மகளுக்கு நாளைக்குக் கல்யாணம்; பல் இல்லாமல் பெண் பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கமாட்டேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

போன மாதம் இதே ரயிலில் இவனோடு வேலை பார்ப்பவன், யாரோ கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுக் கடைசி ஸ்டேஷனில்தான் கண் விழித்தான். பல் செட் இருந்த பையைக் காணோம். "இன்னொரு செட் தொலைஞ்சுதுன்னா, ரெண்டு பேருமே வேலைக்கு வர வேணாம்" என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

"பெட்டியில என்ன தம்பி, குழந்தை மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கீங்க?"

"பழைய துணிங்க."

"எங்க இறங்கறீங்க?"

"கடைசி ஸ்டேஷன்."

வாயைத் திறந்தால் பொய். தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

கைக்குட்டைக்காரர் பக்கத்து சீட் அம்மாவிடம் பாக்கெட்டை நீட்டினார். அந்த அம்மா நாலு பிஸ்கட்டைத் தின்றார். ஐந்தாவது நிமிஷம் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போனார். டெக்னீஷியன் பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க ஒண்ணுகூட எடுத்துக்கலையே?"

"எனக்கு இன்னிக்கு வேணாம் தம்பி" என்று கைக்குட்டையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

இவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. எழுந்தான். அவரும் எழுந்தார்! குதிக்காத குறையாக இறங்கி, பிளாட்பாரத்தில் நின்ற போலீஸ்காரரிடம் ஓடினான்.

"சார், அந்த நீலக் கைக்குட்டை! பிஸ்கட்ல மயக்க மருந்து கலந்து குடுக்கறார். உள்ள ஒரு அம்மா சுருண்டு கிடக்காங்க. இவர் மட்டும் ஒண்ணுகூடத் தின்னல சார்!"

போலீஸ்காரர் பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்தார். இவன் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினான். ஊருக்கே நல்லது செய்த தெம்பு.

டாக்டர் கையுறை போட்ட கையால் பெட்டியைத் திறந்து பார்த்தார். "பிரமாதம்ப்பா! ஆனா ஆளைத்தான் காணோம். பத்து மணிக்கு டாண்ணு வந்துடறேன்னாரே?"

"இருந்து பார்த்துட்டே போறேன் டாக்டர். எங்களுக்கு வாயோட அச்சு மட்டும்தானே வருது? முகத்தை யார் கண்டா!"

மேஜைமேல் போன் அடித்தது. கையுறையோடு இருந்ததால் டாக்டர் ஸ்பீக்கரைத் தட்டினார். குழறலாக ஒரு குரல் வந்தது.

"டாக்டர், ரயில்வே ஸ்டேஷன்ல பிடிச்சு உக்கார வெச்சிருக்காங்க. பிஸ்கட்டை நீ ஏன்யா தின்னலன்னு கேக்கறாங்க... கொஞ்சம் நீங்களே சொல்லிடுங்களேன்!"