எத்தனை பார்த்தீங்க?

எதிர் வரிசையில் தாடிக்காரரின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பையைத் தூக்கிக்கொண்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல் போயே போய்விட்டார்.

"அடுத்தது தாடிதான்னு சொன்னேன்ல" என்றாள் என் மனைவி.

இந்த மருத்துவமனையில் அதுதான் வழக்கம். காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் உட்கார வேண்டும். முடிவு நன்றாக இருந்தால் போனுக்குச் செய்தி வரும், வீட்டுக்குப் போகலாம். சரியில்லை என்றால் செய்தி வராது. நர்ஸ் வந்து கூப்பிடுவார், டாக்டர் நேரில் பேசுவார்.

அவளுடைய போன் என் சட்டைப் பையில் இருந்தது. சும்மாவே கிடந்தது.

இவ்வளவு பயந்து நான் என்னையே பார்த்ததில்லை.

அவளுக்குப் பயம் இல்லை. அதற்குக் காரணமும் நான்தான்.

மருந்துக் கம்பெனியில் எனக்குப் புள்ளிவிவர வேலை. புது மருந்தைச் சோதிப்பவர்கள், 'சார், கிடைச்சிருச்சு' என்று என்னிடம் ஓடி வருவார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: எத்தனை பார்த்தீங்க?

தூக்கம், பசி, மூட்டுவலி, முடி கொட்டுவது என்று நூறு விஷயத்தைப் பார்த்திருப்பார்கள். மருந்து வேலை செய்யாவிட்டாலும் நூறில் நாலைந்து தற்செயலாகச் சும்மாவே தேறிவிடும். அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். முகம் தொங்கிப்போய்த் திரும்புவார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'எத்தனை சார்' என்று பெயர்.

'இது ஒண்ணைத்தான் சார் பார்த்தோம்' என்று யாராவது சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். ஒன்றையே பார்த்துக் கிடைத்தது சும்மா கிடைத்திருக்காது.

வீட்டிலும் விடுவதில்லை. கனவு பலித்துவிட்டது என்பாள். பலிக்காத கனவு எத்தனை என்பேன். இந்த மனுஷனிடம் ஒரு கனவைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை என்று தங்கையிடம் போனில் புலம்புவாள்.

போன வாரம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டாள். நாற்பது சோதனை. எல்லாம் கறுப்பு எழுத்தில் வந்தது, ஒன்று மட்டும் சிவப்பில். அது நிஜமென்றால் என்ன நோய் என்று எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல நாக்கு வரவில்லை.

அன்று அவள் அழுதாள்.

நான் ஐந்து காசுகளை எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் குலுக்கிப் போட்டேன். ஐந்தும் தலையாக விழுவது லேசில் நடக்காது. ஆனால் நாற்பது தடவை போட்டால் அநேகமாக ஒரு தடவையாவது விழும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, நாற்பது சோதனையில் ஒன்று சிவப்பாக வருவதும் அப்படித்தான் என்றேன். நீயே குலுக்கிப் பார் என்றேன்.

கை வலிக்கிறது என்று அவள் அலுத்துக்கொண்ட நேரத்தில் ஐந்தும் தலையாக விழுந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள். உடனே தங்கையைக் கூப்பிட்டு அவளுக்கும் அந்தப் பாடத்தை நடத்தினாள்.

நான் சொன்னது பொய் இல்லை. அலுவலகத்திலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். இன்று காலை அதற்காக அவள் கையை நீட்டியபோதுதான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. நர்ஸ் ஊசியை எடுத்ததும், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் வெளியே நழுவிவிட்டேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் இந்தக் காலை கழிந்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை.

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. அடுத்தது குடைக்காரம்மா என்றாள். அந்த அம்மாவின் போன் அடித்தது. அடுத்தது அந்தத் தூங்குமூஞ்சி என்றாள். அவர் தூக்கக் கலக்கத்திலேயே செய்தியைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்.

கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

ஆரஞ்சுப் பழத்தை உரித்துப் பாதியை என்னிடம் தந்தாள். வாயில் போட்டேன். மென்றுகொண்டே உள்ளறைக் கதவைப் பார்த்தேன்.

பையில் போன் அதிர்ந்தது.

பதறி எடுத்தேன். அவள் தங்கை அனுப்பியிருந்தாள். செய்தி வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாள்.

போனைத் திரும்பப் பையில் போடுவதற்குள் கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் எங்களைப் பார்த்தார். டாக்டர் உள்ளே கூப்பிடுகிறார் என்றார்.

நாற்பதில் ஒன்று சும்மாவே சிவக்கும் என்று இன்னொரு தடவை சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் எழுந்தாள். பழத்தோலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு என் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை வேர்த்து, சில்லென்று இருந்தது.

"ரத்தம் எடுக்கும்போது நீங்க கேப்பீங்கன்னு பார்த்தேன். கேக்காம வெளிய போயிட்டீங்க. அதான் எத்தனை பார்க்கப் போறீங்கன்னு நானே அந்த நர்ஸ்கிட்ட கேட்டேன்" என்றாள். "ஒண்ணே ஒண்ணுதானாம். எந்திரிங்க, போலாம்."