வலது முன்னங்கால்

சாயங்கால வெயில் சாய்ந்து விழும் கூடத்தில், கணவன் குதிரையாகி நாலு காலில் நடக்கிறான். குதிரையின் நொண்டலைக் கண்டுபிடிக்கும் கேள்வியில்தான் அவள் கால்நடை மருத்துவர் உரிமத் தேர்வை இரண்டு முறை கோட்டைவிட்டாள். நாளை மூன்றாவது முறை. அவன் இடது கையைத் தாங்கித் தாங்கி வைத்து, கனைத்து, ஊரைக் கூட்டுகிறான். அவள் கண் கையில் இல்லை, தலையில் இருக்கிறது. வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போதுதான் குதிரையின் தலை மேலே போகும்; இவன் தலையோ வலது கை படும்போதெல்லாம் மேலே போகிறது. “வலது முன்னங்கால்,” என்கிறாள். “தப்பும்மா! நான் நொண்டினது இடது!” அவள் அவன் வலது கையைக் குளம்புபோல் மடக்கி, தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, உள்ளங்கையை ஒவ்வோர் இடமாகக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். “ஐயோ!” என்ற அலறலில் கனைப்பு மறந்துபோகிறது. அவள் எடுத்து வந்த முள்வாங்கியின் முனையில் கடுகளவு நீலக் கண்ணாடிச் சில் வெயிலில் மின்னுகிறது. காலையில் உடைந்துபோன அவளுடைய நீலக் குவளையின் சில் அது. “பூனை தட்டிவிட்டுச்சுன்னு சொன்னீங்க?” குதிரை திருதிருவென்று விழிக்கிறது. அவள் சில்லை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடம் அதிரச் சிரிக்கிறாள். “உங்களையே பிடிச்சுட்டேன். நாளைக்கு வர்ற குதிரைக்குப் பொய்கூடச் சொல்லத் தெரியாதே!”